எந்தப் பக்கம் திரும்புவான்?

வணிகக் கப்பல்களில் நள்ளிரவு பன்னிரண்டு முதல் அதிகாலை நான்கு வரையிலான காவல் முறை, அதாவது வாட்ச், பொதுவாக இரண்டாம் அதிகாரியின் பொறுப்பில் இருக்கும். கரையேறுவதற்கு முன் பல ஆண்டுகள் எனக்கு அதுவே வாய்த்தது. அரபிக்கடலில் ஓர் இரவு எங்கள் இடப்பக்கத்திலிருந்து ஒரு கப்பல் குறுக்கே வந்துகொண்டிருந்தது. பத்து மைலில் ரேடார் திரையில் பார்த்தேன். ஆறு மைலில் அதன் வெள்ளை விளக்குகள் தெரிந்தன. மூன்று மைலில் பச்சை விளக்கும் தெளிவாகத் தெரிந்தது. அவனுடைய வலப்பக்கத்தில் நாங்கள் இருந்ததால் விதிப்படி விலக வேண்டியவன் அவன். போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டியவர்கள் நாங்கள். ஆனால் அந்த விளக்கு தெரிந்த திசைக்கோணம் இம்மியும் மாறவில்லை. கடலில் திசைக்கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் அதற்கு மோதல் என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. வி.எச்.எஃப். வானொலியில் அழைத்தேன், பதில் இல்லை. ஆல்டிஸ் என்ற சைகை விளக்கை எடுத்து ஐந்து முறை வெட்டிக் காட்டினேன். உன் நோக்கம் எனக்குப் புரியவில்லை என்பது அதன் பொருள். சுக்கானைப் பிடித்திருந்த பையன் ஒரு வார்த்தை பேசவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அரை நிமிடம் போனால் நானே திருப்பிவிடுவது என்று முடிவு செய்த நேரத்தில் பச்சை விளக்கு மறைந்து சிவப்பு தெரிந்தது; அவன் வலப்பக்கம் திரும்பி எங்களுக்குப் பின்னால் கடந்து போனான்.

அந்த இரண்டு நிமிடங்களில் அவன் எந்த நாட்டுக்காரன், நல்லவனா கெட்டவனா என்ற கேள்வி எதுவும் எனக்குள் எழவில்லை. அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது ஒன்றே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இரு நாட்டுக் கடற்படைகளுக்கு இடையே நம்பிக்கையை வளர்ப்பது குறித்துக் கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். நட்பு, பரஸ்பர மரியாதை, பொதுவான விழுமியங்கள் என்று சொற்கள் மிதக்கின்றன. எனக்கு அந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு விளக்குதான் நினைவுக்கு வருகிறது. ஒருவரையொருவர் நேசிக்க எந்தக் காரணமும் இல்லாத இரண்டு கடற்படைகள், எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்பதை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் மோதாமல் பிழைத்த கதை ஒன்று உண்டு. 1972 மே 25 அன்று மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்ட கடற்சம்பவத் தடுப்பு உடன்படிக்கையின் கதை அது. அந்தத் துறையினர் அதைச் சுருக்கமாக 'இன்க்சீ' என்பார்கள்.

அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் கடலில் நடந்துகொண்டிருந்தவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அந்த ஒப்பந்தத்தின் அருமை புரியாது. விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று விமானங்களை ஏவவும் இறக்கவும் காற்றை எதிர்த்து நேராக ஓடியாக வேண்டும். ஒரு விமானம் எரிபொருள் தீரும் நிலையில் தளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும்போது கப்பல் திரும்பினால், விமானிக்குத் தளம் கிடைக்காது. சோவியத் நாசகாரிக் கப்பல்களின் தலைவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். அவர்கள் விமானந்தாங்கியின் வலப்பக்கத்தில் போய் நின்றுகொண்டு குறுக்கே வருவார்கள். வலப்பக்கத்தில் இருப்பவனுக்கே வழி, ஆகவே நீ விலகு என்பார்கள். இயங்குதிறன் குறைந்த நிலையில் இருக்கும் கப்பலுக்கு மற்றவை வழிவிட வேண்டும் என்று அதே விதிநூல் வேறோர் இடத்தில் சொல்வது அவர்களுக்குத் தெரியாததல்ல. மோதலைத் தவிர்க்க எழுதப்பட்ட விதியையே ஆயுதமாகப் பிடிப்பது அந்தக் கால விளையாட்டு. எங்கள் வாய்மொழித் தேர்வில் 'ஆர்.ஓ.ஆர்.' என்று சொல்லப்படும் அந்த விதிகளை வரிக்கு வரி ஒப்பிக்கச் சொல்லி உயிரை எடுப்பார்கள். மனப்பாடம் செய்தவன் எல்லாம் கடைப்பிடிப்பவன் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் கண்டதில்லை.

எண்ணெய்க் கப்பல் ஒன்றும் போர்க்கப்பல் ஒன்றும் ஐம்பது மீட்டர் இடைவெளியில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே குழாய் வழியாக எரிபொருள் மாற்றுவதுண்டு. நடுவில் குழாயும் கம்பிகளும் தொங்கும். இரண்டு கப்பல்களும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சுக்கானில் ஒரு டிகிரி பிசகினாலும் வியர்த்துவிடும் வேலை அது. மீன்பிடிப் படகுகளின் தோற்றத்தில் ஆண்டெனாக்களைச் சுமந்து திரியும் சோவியத் உளவுக் கப்பல்கள் இத்தகைய வேளைகளில்தான் முகப்புக்கு முன்னால் புகுந்து செல்லும். அமெரிக்கர்கள் மட்டும் ஒதுங்கிப் போன உத்தமர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்களுடைய விமானங்கள் சோவியத் கப்பல்களின் கொடிமர உயரத்துக்குத் தாழ்ந்து பறந்தன. அவர்களுடைய நாசகாரிகளும் முட்டித் தள்ளுவதில் சளைத்தவை அல்ல.

1967 மே 10 அன்று ஜப்பான் கடலில் ஹார்னெட் என்ற விமானந்தாங்கியுடன் பயிற்சியில் இருந்த வாக்கர் என்னும் அமெரிக்க நாசகாரியின் மீது சோவியத் நாசகாரியான பெஸ்ஸ்லெட்னி உரசியது. மறுநாளே அதே வாக்கரின் மீது இன்னொரு சோவியத் கப்பல் உரசியது. சேதம் சொற்பம்தான், ஆனாலும் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் ஒரே கப்பலின் மீது இரண்டு உரசல்கள் என்றால் அதைக் கைப்பிழை என்று யாரும் சொல்ல முடியாது. 1968 மே 25 அன்று நார்வே கடலில் எசெக்ஸ் என்ற விமானந்தாங்கியின் அருகே மிகத் தாழ்வாகப் பறந்து கடந்த து-16 குண்டுவீச்சு விமானம், திரும்பும்போது இறக்கை நுனி நீரில் பட்டுக் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அதை யாரும் சுட்டு வீழ்த்தவில்லை என்பது எசெக்ஸில் இருந்தவர்களுக்கும் சோவியத் கடற்படைக்கும் தெளிவாகத் தெரிந்திருந்ததால் விஷயம் பெரிதாகவில்லை. இருட்டிலோ மூடுபனியிலோ நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவரவர் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மே 25 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது தற்செயல்தான்; ஆயினும் நாட்காட்டியைப் பார்க்கும் பழக்கம் உள்ளவனுக்கு அது கண்ணில் படாமல் இருக்காது.

வாஷிங்டன் 1968 ஏப்ரலிலேயே பேச்சுக்கு அழைத்துவிட்டது. மாஸ்கோ இரண்டரை ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 1970 நவம்பர் 9 இரவு மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் ஆர்க் ராயல் விமானந்தாங்கி இரவுப் பறப்புப் பயிற்சியில் இருந்தபோது, சோவியத் நாசகாரியான பிராவி அதன் முன்னால் குறுக்கிட்டது. ஆர்க் ராயல் எஞ்சின்களைப் பின்னோக்கி ஓட்டியும் பயனில்லை, மோதல் நடந்துவிட்டது. கடலில் தூக்கியெறியப்பட்ட சோவியத் மாலுமிகளில் இருவர் கிடைக்கவேயில்லை. அதே நவம்பரில் மாஸ்கோவிலிருந்து சம்மதம் வந்தது. இரண்டு பையன்களின் உயிர்தான் அந்தப் பதிலைக் கொண்டுவந்ததா, அல்லது பதில் ஏற்கெனவே தயாராக இருந்ததா என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் உலகக் கடல்களுக்கு அப்போதுதான் பெருமளவில் வந்துகொண்டிருந்த சோவியத் கடற்படைக்கும் இழப்பதற்கு நல்ல கப்பல்கள் சேர்ந்துவிட்டிருந்தன என்பதை மறுக்க முடியாது. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் எவனோடும் விதி பேச உட்கார மாட்டான்.

முதல் சுற்று 1971 அக்டோபரில் மாஸ்கோவில் நடந்தது. அமெரிக்கத் தரப்புக்கு அப்போது கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த ஜான் வார்னரும் சோவியத் தரப்புக்கு அட்மிரல் விளாதிமிர் கசாதோனோவும் தலைமை தாங்கினார்கள். இரண்டாம் சுற்று 1972 மே மாதத்தில் வாஷிங்டனில். இந்த இரண்டு சுற்றுகளுக்கும் நடுவில்தான், 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின் கடைசி நாட்களில் என்டர்பிரைஸ் தலைமையிலான அமெரிக்கப் படையணி வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. அதைப் பின்தொடர்ந்து சோவியத் பசிபிக் படையின் கப்பல்களும் வந்தன. அந்த வரவு நம் ஊரில் கிளப்பிய பரபரப்பைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். மாஸ்கோவில் ஒரே மேசையில் அமர்ந்து எப்படி மோதாமல் இருப்பது என்று பேசிக்கொண்டிருந்த இரண்டு கடற்படைகளே அடுத்த இரண்டு மாதத்தில் நம் கடலில் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போயின என்பது அந்தப் பரபரப்பில் யாருடைய கவனத்துக்கும் வந்திருக்காது. அந்த நிகழ்வுக்குப் பிறகும் பேச்சு முறியவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

பேச்சில் பெரிய இழுபறி ஒன்றே ஒன்றுதான்: தூரம். ஒரு கப்பலை இன்னொன்று இத்தனை மீட்டருக்கு மேல் நெருங்கக் கூடாது, ஒரு விமானம் இத்தனை உயரத்துக்குக் கீழே வரக் கூடாது என்று எண்ணிக்கையில் எழுத வேண்டும் என்பது சோவியத் தரப்பின் விருப்பம். அமெரிக்கர்கள் மறுத்தார்கள். அவர்களுக்குச் சொந்தக் காரணங்கள் இருந்தன. பொதுக்கடலில் ஒரு கப்பலைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுப்பது கடற்சுதந்திரத்தை அடகு வைப்பதாகும் என்று அஞ்சினார்கள், எதிராளியின் கப்பலைக் கிட்டத்தில் பார்க்கும் வாய்ப்பையும் விட மனமில்லை. கடைசியில் எண்ணே இல்லாமல் ஒப்பந்தம் எழுதப்பட்டது. மோதல் அபாயம் நேராத தொலைவில் இருக்க வேண்டும், கண்காணிக்கப்படும் கப்பலுக்குச் சங்கடமோ ஆபத்தோ விளைவிக்கக் கூடாது, விமான ஓட்டிகள் மிகுந்த எச்சரிக்கையுடன் அணுக வேண்டும் என்று பொறுப்பைக் கப்பல் தலைவரின் தீர்ப்பிலேயே விட்டார்கள். வழக்கறிஞர்களுக்கு இது ஓட்டை; கப்பல் ஓட்டியவனுக்கு இது சரியான வழி. ஐந்நூறு மீட்டர் என்று எழுதிவிட்டால் ஐந்நூற்றொரு மீட்டரில் நின்று வம்பு செய்யலாம். அமைதியான கடலில் ஐந்நூறு மீட்டர் தாராளம், கொந்தளிப்பில் அது தற்கொலை. இந்த எண் விவகாரத்துக்குப் பின்னால் ஒருமுறை திரும்பி வர வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் மொத்தம் பத்தே பிரிவுகள். பேருரைகள் இல்லை, சமாதானப் புறாக்கள் இல்லை. கடந்து செல்லும் கப்பலை நோக்கிப் பீரங்கியையோ ஏவுகணைத் தாங்கியையோ திருப்பித் தாக்குவதுபோல் பாவனை செய்யாதே. அதன் திசையில் எந்தப் பொருளையும் எறியாதே. அதை ஓட்டுபவர்கள் நிற்கும் மேல்தள அறையான பிரிட்ஜின் மீது தேடொளி விளக்கை அடிக்காதே. விமானந்தாங்கி விமானங்களை ஏவுகிறது என்று அடையாளம் காட்டினால் அதன் வழியில் குறுக்கிடாதே. நீர்மூழ்கியோடு பயிற்சி செய்தால் அதைக் கொடியால் தெரிவி. ஆபத்தான பயிற்சி எதுவானாலும் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன்பே கடலோடிகளுக்கான அறிவிப்பில் சொல். இந்தத் தேடொளி விளக்கு விவகாரம் கரையில் இருப்பவர்களுக்குச் சில்லறைச் சண்டையாகத் தோன்றலாம். இரவு வாட்சில் பிரிட்ஜை முழுக்க இருட்டாக வைத்துக்கொண்டுதான் நிற்போம். கண்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது நிமிடத்துக்கும் மேலாகும். அந்தக் கண்ணில் சக்திவாய்ந்த விளக்கு ஒன்றைப் பாய்ச்சினால், அடுத்த கால் மணி நேரத்துக்கு அந்தக் கப்பலை ஓட்டுபவன் குருடன்தான். ஒரு முறை துறைமுக வாசலில் ஒரு படகுக்காரர் விளையாட்டாக எங்கள் பிரிட்ஜின் மீது விளக்கடித்தபோது எங்கள் கேப்டன் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. அட்மிரல்கள் மேசையில் உட்கார்ந்து இந்த விளக்கைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள் என்றால், அவர்களும் ஒரு காலத்தில் அந்த இருட்டில் நின்றவர்கள் என்று பொருள்.

மொழிப் பிரச்சினைக்கும் அதே பாணியில்தான் வழி கண்டார்கள். உலகக் கப்பல்கள் எல்லாம் பயன்படுத்தும் கொடிச் சைகை நூலில் போர்க்கப்பல்களுக்குத் தேவையான வாக்கியங்கள் போதாமல் இருந்தன. ஆகவே, 'விமானங்களை ஏவப்போகிறேன்', 'ஏவுகணைப் பயிற்சிக்குத் தயாராகிறேன்', 'உன் இடப்பக்கமாகக் கடந்து செல்லப் போகிறேன்', 'உன் செய்தி கிடைத்தது, புரிந்தது' போன்ற வாக்கியங்களுக்குத் தனி அட்டவணை ஒன்றைத் தயாரித்தார்கள். கொடியைப் படிக்க ரஷ்ய மொழியோ ஆங்கிலமோ வேண்டாம், மொழிபெயர்ப்பாளரைத் தேடி ஓட வேண்டாம். கண் இருந்தால் போதும்.

1972 மே இறுதியில் அமெரிக்க அதிபர் நிக்ஸன் மாஸ்கோவுக்கு வந்திருந்தபோது, அதற்குள் கடற்படைச் செயலாளராகிவிட்ட வார்னரும், 1956 முதல் சோவியத் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்த அட்மிரல் செர்கேய் கோர்ஷ்கோவும் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாள் கையெழுத்தான அணு ஆயுத ஒப்பந்தங்களைப் பற்றியே உலகப் பத்திரிகைகள் எழுதின. இந்தச் சிறு ஒப்பந்தத்தின் நல்ல காலம், அதைப் பலர் கவனிக்கவில்லை. சம்பவம் ஏதேனும் நடந்தால் வெளியுறவு அமைச்சகங்களின் ஆட்சேபக் குறிப்புகளுக்குப் பதிலாகத் தூதரகத்தில் இருக்கும் கடற்படை அதிகாரி வழியாக நேராக எதிர்த்தரப்புக் கடற்படைத் தலைமையகத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரு கடற்படையினரும் கூடி அந்த ஆண்டின் சம்பவங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டும். ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது இந்த இரண்டு ஏற்பாடுகளையே. ஒரு தலைநகரில் ஓர் ஆண்டு, மற்றதில் அடுத்த ஆண்டு என்று மாறி மாறிக் கூடினார்கள். இரு தரப்பும் புகைப்படங்களையும் வரைபடங்களையும் கொண்டுவந்து, இந்தத் தேதியில் இந்த இடத்தில் உங்கள் ஆள் இப்படி நடந்துகொண்டான் என்று காட்டுவார்கள். பத்திரிகையாளர் இல்லாத அறையில், தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனிடம் 'இது நல்ல கப்பலோட்டமா?' என்று கேட்டால், கேட்கப்பட்டவனுக்கு நாணம் வரும். அரசியல்வாதிக்கு அந்த நாணம் வராது. அவனுக்கு அது தொழில் இல்லை.

சோதனை விரைவிலேயே வந்தது. 1973 அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டபோது மத்தியதரைக் கடலில் ஏறத்தாழ 60 அமெரிக்கக் கப்பல்களும், உச்ச நிலையில் 95 சோவியத் கப்பல்களும் ஒன்றை ஒன்று உரசும் தொலைவில் திரண்டிருந்தன. அக்டோபர் 25 அன்று அமெரிக்கா தன் படைகளின் போர்த் தயார் நிலையை உலகம் முழுவதும் உயர்த்தியது. ஒவ்வொரு அமெரிக்க விமானந்தாங்கியின் பின்னாலும் சோவியத் கப்பல்கள் நிழலாகப் போய்க்கொண்டிருந்தன. முதல் குண்டு யாருடையது என்பதே அன்றைய கேள்வி. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி ஒரு நெரிசல் நேர்ந்திருந்தால் ஒரு நாசகாரித் தலைவனின் திமிர் எங்கே கொண்டு விட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த அக்டோபரில் இரு தரப்புக்கும் இடையே மோதல் எதுவும் நடக்கவில்லை. ஒப்பந்தம் மட்டும்தான் காரணம் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய மே மாதத்தில்தான் வணிகக் கப்பல்களையும் அதன் பாதுகாப்புக்குள் கொண்டுவரும் இணைப்பில் கையெழுத்திட்டிருந்தார்கள், புது விதிகள் பிரிட்ஜில் நின்ற எல்லோருடைய மனத்திலும் பசுமையாக இருந்தன.

1975 மே மாதத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த முப்பதாம் ஆண்டை ஒட்டி, இரண்டு சோவியத் நாசகாரிகள் பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தன; அமெரிக்கக் கப்பல்கள் இரண்டு லெனின்கிராடுக்குப் போயின. இப்படிப்பட்ட துறைமுக வருகைகளைப் பற்றிப் படங்களுடன் நிறைய எழுதுவார்கள். கப்பலில் வரிசையாக நிற்பதும், விருந்தும், கால்பந்தும் இனிமையானவைதான். ஆனால் அவை நம்பிக்கையின் பலன். வேர் வேறு இடத்தில் இருந்தது. நட்பு நாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் நடக்கும் கூட்டுப் பயிற்சிகளுக்கும் இதே கணக்குதான் என்பதால் அவற்றைத் தாண்டிச் செல்கிறேன்.

எல்லாம் சுபமாக முடிந்ததா என்றால் இல்லை. ஒப்பந்தம் நீரின் மேல் நடப்பவற்றுக்கு மட்டுமே. மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளைப் பற்றிப் பேச இரு தரப்புக்கும் விருப்பமில்லை, ஏனெனில் நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று சொன்னால் அது நீர்மூழ்கியே அல்ல. அந்த இடைவெளிக்கான விலையைக் கொடுத்தார்கள். 1984 மார்ச்சில் ஜப்பான் கடலில் கிட்டி ஹாக் விமானந்தாங்கி, தன்னைப் பின்தொடர்ந்த சோவியத் அணு நீர்மூழ்கியான கே-314 மீது மோதியது. 1992 பிப்ரவரியில், சோவியத் ஒன்றியமே மறைந்துவிட்ட பிறகு, பேரன்ட்ஸ் கடலில் அமெரிக்காவின் பேட்டன் ரூஜும் ரஷ்ய நீர்மூழ்கி ஒன்றும் மோதிக்கொண்டன. மறு ஆண்டு மார்ச்சில் அதே கடலில் வேறு இரண்டு நீர்மூழ்கிகள்.

ஆண்டுக் கூட்டங்களும் எப்போதும் வழுவழுப்பாக நடந்துவிடவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்த பிறகும் கூடினார்கள். 1983 செப்டம்பரில் கொரியப் பயணிகள் விமானம் சோவியத் போர்விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதன் சிதைவுகளைத் தேடும் கடற்பகுதியில் இரு நாட்டுக் கப்பல்களும் முட்டிக்கொண்ட பிறகும் கூடினார்கள். 1985 மார்ச்சில் கிழக்கு ஜெர்மனியில் ஓர் அமெரிக்க மேஜர் சோவியத் சிப்பாயால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, வாஷிங்டன் அந்த ஆண்டுக் கூட்டத்தின் விருந்து உபசாரங்களை வெட்டியது. சோவியத் தரப்பு முகத்தைத் திருப்பிக்கொள்ள, உரிய நேரத்தில் கூட்டம் நடக்கவில்லை. விருந்துக்குப் போய் இவ்வளவா என்று கேட்கலாம். ஆனால் பகல் முழுவதும் வரைபடத்தைக் காட்டிச் சண்டையிட்ட இருவர் இரவில் ஒரே மேசையில் உண்ணும்போதுதான், பகலில் சொல்ல முடியாததை ஒருவர் சொல்வார். நம் கிராமத்துப் பஞ்சாயத்திலும் தீர்ப்பு மரத்தடியில் சொல்லப்பட்டாலும், அது முடிவாவது யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான்.

1988 பிப்ரவரி 12 அன்று கருங்கடலில் நடந்ததை இந்த ஒப்பந்தத்தின் தோல்வி என்று சிலர் சொல்வார்கள், நான் ஏற்பதில்லை. கிரிமியாவை ஒட்டிய பன்னிரண்டு மைல் எல்லைக்குள் யார்க்டவுன், கேரன் என்ற இரண்டு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நுழைந்து, பிற நாட்டுக் கடலெல்லையைத் தீங்கின்றிக் கடந்து செல்லும் கடப்புரிமை தங்களுக்கு உண்டு என்றன. சோவியத் தரப்பு அப்படி ஓர் உரிமை அந்த இடத்தில் இல்லை என்றது. மோதப்போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு இரண்டு சோவியத் கப்பல்கள் வந்து பக்கவாட்டில் உரசின. இது ஓட்டுபவனின் குழப்பமோ திமிரோ அல்ல. சட்டத்தை இரு அரசுகள் இருவிதமாகப் படித்ததன் விளைவு. ஆகவே மருந்தும் வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது: 1989 செப்டம்பரில் வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் ஹோலில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் கடப்புரிமைச் சட்டத்துக்கு ஒரே விளக்கத்தை எழுதிக்கொண்டார்கள். விளக்கம் ஒன்றானதும் அந்த இடத்துச் சண்டைக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. அந்தக் கோடையில்தான் சோவியத் போர்க்கப்பல்கள் நார்ஃபோக்குக்கும், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கருங்கடலின் செவாஸ்தபோலுக்கும் விருந்தாளிகளாகப் போய் வந்திருந்தன.

இந்த முன்மாதிரியைப் பலர் நகலெடுக்க முயன்றார்கள். பிரிட்டன் 1986இல் மாஸ்கோவுடன் இதேபோன்ற ஒன்றைச் செய்துகொண்டது. அமெரிக்காவும் சீனாவும் 1998 ஜனவரியில் செய்துகொண்டது, ஒன்றுகூடிப் பேசுவோம் என்ற ஏற்பாடு மட்டுமே. கடலில் எப்படி நடந்துகொள்வது என்ற விதி அதில் இல்லை. விதிகள் 2014 ஏப்ரலில் சிங்தாவ் நகரில் பல நாட்டுக் கடற்படைகள் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறியாக வந்தன, அதற்கும் சட்டக் கட்டாயம் கிடையாது. 2018 செப்டம்பரில் தென்சீனக் கடலில் சீன நாசகாரி ஒன்று டெகேட்டர் என்ற அமெரிக்க நாசகாரியின் முகப்பை 45 கஜ நெருக்கத்தில் குறுக்கிட்டது என்று அமெரிக்கக் கடற்படை தெரிவித்தது. அவ்வளவு பெரிய கப்பல்களுக்கு அது மூச்சுக்காற்று படும் தூரம். 2022 ஆகஸ்டில் தைவான் விவகாரத்தில் கோபம் கொண்ட பெய்ஜிங், தண்டனையாகக் கடற்படைகளின் சந்திப்பையே நிறுத்திவிட்டது. 2024 ஏப்ரலில்தான் ஹவாயில் மீண்டும் உட்கார்ந்தார்கள். சண்டை வரும்போது முதலில் அறுக்கப்படும் கயிறாகப் பேச்சுவார்த்தை இருந்தால், அது கட்டப்பட்டதன் நோக்கமே வீண்.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இந்தியாவும் பாகிஸ்தானும் 1991 ஏப்ரலில், படைப் பயிற்சிகளையும் நகர்வுகளையும் முன்கூட்டியே தெரிவிக்கும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டன. அதில் கடலுக்கென்று எழுதப்பட்டது மிகச் சொற்பம்: பொதுக்கடலில் ஒருவர் போர்க்கப்பலை மற்றவர் கப்பல் மூன்று கடல் மைலுக்குள் நெருங்கக் கூடாது; விமானங்கள் எதிர்த்தரப்புக் கப்பல்களின் மீது தாழப் பறந்து அச்சுறுத்தக் கூடாது. கொடிகளுக்கான அட்டவணை இல்லை, கடற்படைகள் ஆண்டுதோறும் கூடிப் பேசும் ஏற்பாடு இல்லை. வாஷிங்டனும் மாஸ்கோவும் கடைசியில் எழுதாமல் விட்ட எண் மட்டும் இருக்கிறது. 1999 பிப்ரவரியில் லாகூரில் கையெழுத்தான புரிந்துணர்வுக் குறிப்பில், கடற்சம்பவங்களைத் தடுக்கும் ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொள்வதாக இரு அரசுகளும் எழுதின. சில மாதங்களில் கார்கில் வந்தது. அந்த வாக்கியம் வாக்கியமாகவே நின்றுவிட்டது.

2011 ஜூனில் அதன் விளைவைப் பார்த்தோம். சோமாலியக் கொள்ளையர்களிடம் பத்து மாதங்கள் சிக்கியிருந்த சூயஸ் என்ற வணிகக் கப்பல் பணயத்தொகை கொடுக்கப்பட்டு விடுதலையாகி வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த 22 பேரில் 11 எகிப்தியர், 6 இந்தியர், 4 பாகிஸ்தானியர், ஓர் இலங்கையர். அவர்களுக்குத் துணையாகப் போன இந்தியாவின் கோதாவரியும் பாகிஸ்தானின் பாபரும் நடுக்கடலில் ஒன்றையொன்று உரசிக்கொண்டன. இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் பழி சொல்லி அறிக்கை விட்டன. மூன்று மைல் எல்லையை மீறியது நீதான் என்ற வாக்குவாதம் தூதரகங்களுக்கும் தொலைக்காட்சி அரங்குகளுக்கும் போயிற்று. பிரிட்ஜில் நின்ற இரண்டு அதிகாரிகளின் வரைபடங்களை எதிரெதிரே விரித்துப் பார்ப்பதற்கு ஓர் அறை இருந்திருக்க வேண்டும். அந்த அறையை யாரும் கட்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் சூயஸ் பழுதாகி, அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அதில் இருந்தவர்கள் பாகிஸ்தான் போர்க்கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டுக் கராச்சிக்கு வந்து சேர்ந்தார்கள்; ஆறு இந்தியர்களும் அங்கிருந்து விமானத்தில் டெல்லிக்கு வந்தார்கள்.